மூன்று ஹப்புக்கு ஒரே பேர்

கோயமுத்தூர் மில் முதலாளி தண்டபாணியின் புது பங்களாவில், கூடம், மாடி, சமையலறை என்று மூன்று இடத்தில், அந்தந்த இடத்து விளக்குகளை இயக்கும் ஹப் பெட்டிகள் இருந்தன. வாயால் சொன்னால் விளக்கு எரியும். ஆனால் கூடத்தில் நின்று "வீடு, விளக்கை அணை" என்றால் மொத்த பங்களாவும் இருண்டுபோகும்.

"வேலைக்காரி தூசி தட்டுறப்போ பெட்டியை மாத்தி வச்சுட்டா சார்," என்றார் அவற்றைப் பொருத்திய இன்ஜினியர் தினகர்.

முதலாளி வேலைக்காரி பூவாத்தாளைக் கூப்பிட்டார். "சாயங்காலம் சம்பந்தி வீட்டார் வர்றாங்க. பெட்டி மேல விரல் படாம நீயே சரி பண்ணு. இல்லைன்னா நாளைக்கு வராதே."

செய்யாத தப்புக்கு வேலையை விட பூவாத்தாளுக்கு மனசில்லை. கூடத்து நடுவில் நின்று உரக்கக் கூப்பிட்டாள்: "ஐயா, கொஞ்சம் இங்க வாங்க!"

முதலாளி, அங்கே உட்கார்ந்திருந்த அவர் அண்ணன், தினகர் மூவரும் "என்ன?" என்று திரும்பினார்கள்.

"நான் கூப்பிட்டது ஒருத்தரைத்தானுங்க. பொதுப் பேரைச் சொன்னா மூணு பேரும் திரும்பத்தான் செய்வீங்க. மூணு பெட்டிக்கும் 'வீடு'ன்னு ஒரே பேர் வச்சது யாருங்க?"

தினகர் அவசரமாகச் செல்போனை எடுத்தார். "ரெண்டு நிமிஷம் சார், பேரை மாத்திடறேன்."

"பொறுங்க," என்றாள் பூவாத்தாள். "என் மேல தப்பில்லைன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிப்போட்டு மாத்துங்க."

முதலாளி தினகரையே பார்த்தார். தினகர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு என்னுதுதான்," என்றார். பிறகு பூவாத்தாள் சொல்லச் சொல்ல மூன்று பெட்டிக்கும் தனித்தனிப் பேர் வைத்தார்.

"கூடம், விளக்கை அணை," என்றார் முதலாளி. கூடத்து விளக்கு மட்டும் அணைந்தது.

"சம்பந்தி கேட்டா, பேர் வச்சது பூவாத்தாள்னு சொல்றேன்," என்றார்.