பச்சைக் கருணைக்கிழங்கு

முன்னொரு காலத்திலே செம்மணல் நாட்டை மகுடராயன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான், கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. கடைசியாக யார் காதில் பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் சட்டம்.

அப்படிக் காதில் பேசுவதற்கென்றே சபையில் ஒருவர் இருந்தார். பெயர் கும்பலிங்கம். 'மரபுக் காவலர்' என்று பட்டம் வேறு. முன்னோர்கள் எதை எப்படிச் செய்தார்கள் என்று ஒரு பெரிய ஓலைக்கட்டு வைத்திருப்பார். ராஜா தும்மினால்கூட அதைப் புரட்டிப் பார்த்து, "முன்னோர்கள் இடப்பக்கம் திரும்பித்தான் தும்மினார்கள், பிரபு" என்பார். அவரைக் கேட்காமல் அந்த நாட்டில் ஒரு துரும்பு அசையாது.

அப்போது மூன்று வருஷமாக மழை இல்லை. ஆறு பள்ளத்தில் மெலிந்து ஓடியது, வயல்கள் மேட்டில் காய்ந்தன. ஆற்றங்கரையில் செங்காத்தாள் என்று ஒரு குடியானவப் பெண். அவள் ஆள் உயரத்துக்கு மூன்று பங்கு பெரிதாக ஒரு மரச்சக்கரம் செய்து, சுற்றிலும் மண்கலயங்களைக் கட்டி, ஆற்றில் நிறுத்தினாள். இரண்டு பேர் மிதித்தால் போதும், கலயங்கள் ஆற்றில் முங்கி நிறைந்து மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். நூறு குடும்பத்து வயல் பச்சை பிடித்தது. நெற்பயிர் தண்டுக்குள் கதிரைப் பொதிந்து வைத்திருந்தது, இன்னும் எட்டு நாள் தண்ணீர் பாய்ந்தால் கதிர் வந்துவிடும்.

கும்பலிங்கத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சக்கரமா? நேரே ராஜா காதுக்கு ஓடினார்.

"பிரபு, முன்னோர் காலத்தில் இல்லாத யந்திரம் அது! இன்றைக்குத் தண்ணீர் இறைக்கும். நாளைக்கு உழும், அறுக்கும். நாளை மறுநாள் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்து நாட்டையும் ஆளும்!"

"என் சிம்மாசனத்திலா?" ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. "முன்னோர் காலத்தில் இல்லாத எதுவும் என் நாட்டில் இருக்கக் கூடாது! சக்கரத்தைக் கொளுத்துங்கள். அவளை நாடு கடத்துங்கள்!"

செங்காத்தாளைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். "சாமி, என்னைத் துரத்துங்க, போயிடறேன். சக்கரத்தை மட்டும் எட்டு நாள் விட்டு வையுங்க. நூறு வீட்டுப் புள்ளைங்க சோறு அதுலதான் இருக்கு" என்று அழுதாள்.

மந்திரி சொக்கநம்பி எழுந்தார். "அருமையான கட்டளை, பிரபு! ஒரே ஒரு சந்தேகம். முன்னோர் என்றால் எந்த முன்னோர்? தங்கள் பாட்டனாரா, அவருக்கும் முந்தியவரா?"

"இது ஒரு கேள்வியா?" என்று கும்பலிங்கம் குறுக்கே பாய்ந்தார். "இருப்பதிலேயே பழைய ஆதி முன்னோர்தான்!"

ராஜாவும் தலையாட்டினார். "உத்தரவு. நாளைக் காலை அரண்மனையில் ஆரம்பித்து ஆற்றங்கரையில் முடித்துவிடுகிறேன்" என்றார் மந்திரி.

மறுநாள் ராஜா குளித்துவிட்டு வந்தால் பட்டு இல்லை, செருப்பு இல்லை, பல்லக்கு இல்லை. கட்டிக்கொள்ள ஒரு கட்டு இலைதழை இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு சபைக்கு நடந்தார். சிம்மாசனம் இருந்த இடத்தில் ஒரு பாறாங்கல். சபையோர் எல்லாரும் இலையைக் கட்டிக்கொண்டு சொறிந்துகொண்டிருந்தார்கள். கும்பலிங்கம் மட்டும் ஓலைக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"பசிக்கிறதய்யா, இட்லி எங்கே?"

மண்ணைக்கூட உதறாமல் ஒரு பச்சைக் கருணைக்கிழங்கை நீட்டினார் மந்திரி. "அடுப்பை அணைத்துவிட்டோம், பிரபு. நெருப்பு என்பதே இடைக்காலத்தில் யாரோ கண்டுபிடித்த புது வித்தை. அன்றைக்கு ஒரு மரபுக் காவலர் இல்லாமல் போனார். இருந்திருந்தால் ஊதி அணைத்திருப்பார்."

ராஜா கிழங்கைப் பார்த்தார், கும்பலிங்கத்தைப் பார்த்தார். "நீர் முதலில் சாப்பிடும்."

கும்பலிங்கம் ஒரு கடி கடித்தார். அவ்வளவுதான்! தொண்டை அரித்து, ஆளே ஓர் ஆட்டம் ஆடிவிட்டார். "ஐயோ, புளித்தண்ணீர்! புளித்தண்ணீர்!"

"கரைக்கச் சட்டி வேண்டுமே. சட்டியும் புதுசாயிற்றே!" என்றார் மந்திரி.

"முன்னோர்கள் சமைத்தார்கள்! இதோ, ஓலையிலேயே இருக்கிறது!"

மந்திரி அந்த ஓலைக்கட்டை மெல்ல உருவினார். "ஆதி முன்னோருக்கு எழுதவே தெரியாதே ஐயா. இதுவும் பட்டு, செருப்பைக் கட்டிவைத்த மூட்டைக்குள் போகட்டும்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா பாறையிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார்.

"பாக்கி அந்தச் சக்கரம் ஒன்றுதான், பிரபு" என்றார் மந்திரி. "கொளுத்திவிடலாம். ஆனால் கொளுத்த நெருப்பு இல்லை."

ராஜாவின் சிரிப்பு நின்றது. தன் இலையாடையைக் குனிந்து பார்த்தார். "கட்டளை ரத்து! அடுப்பை மூட்டுங்கள். அந்த மனுஷனுக்கு முதலில் புளியைக் கரைத்துக் கொடுங்கள்." பிறகு, நாடு கடத்துவதற்காகச் சபை ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்த செங்காத்தாள் பக்கம் திரும்பி, தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏனம்மா, உன் சக்கரம் என்றைக்காவது சிம்மாசனம் ஏறுமா?"

"அதுக்குக் கலயம் தூக்கத்தான் தெரியும், சாமி. யார் வயலுக்குத் தண்ணி விடறதுன்னு முடிவு பண்றது நாங்க. அதையும் அதுகிட்டயே விட்டுட்டா, அப்போ பயப்படணும்."

ராஜாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆற்று நெடுகப் பத்துச் சக்கரம் வைக்கச் சொல்லி அவளையே தலைவியாக்கினார். முதல் சக்கரத்தருகே கல் நட்டுத் தன் பட்டப்பெயர்களை வெட்டவும் ஆசைப்பட்டார்.

"வேண்டாம் சாமி. அப்புறம் இதுவும் மரபாயிடும். நாளைக்கு எவளாச்சும் இதைவிட நல்லதா ஒண்ணு செய்வா. அப்போ என் சக்கரத்தைக் காட்டியே அவளைத் துரத்துவாங்க" என்றாள் செங்காத்தாள். அவள் சொன்னபடியே கல்லில் ஒரே வரி வெட்டினார்கள்: 'இதுவும் ஒரு நாள் புதுசாக இருந்தது.'

கும்பலிங்கத்துக்கு என்ன தண்டனை என்கிறீர்களா? தினமும் அந்த வரியை உரக்கப் படித்துவிட்டு, எட்டு நாள் சக்கரம் மிதிக்க வேண்டும். முதல் நாள் முனகினார், மூன்றாம் நாள் முனகலை மறந்தார். எட்டாம் நாள் விடிந்ததும் மேட்டு வயலில் கதிர் எட்டிப் பார்த்ததை முதலில் கண்டவரும் அவர்தான். மிதிப்பதை நிறுத்தாமலே, "ஏ செங்காத்தா, வந்துடுச்சு! நம்ம கதிர் வந்துடுச்சு!" என்று ஊரே எழும்பக் கத்தினாராம்.