பெரியகருப்பன் ஆசைப்பட்ட டாலர்

முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் சில்லறை எண்ணிய கண்டக்டர் பெரியகருப்பன், ஓய்வுபெற்ற பிறகுதான் காசைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் மரிய புஷ்பம், மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சரித்திர டீச்சர். பெரியகருப்பனைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவர் முன்னால் உட்காரும்போது தோளில் கிடக்கும் துண்டு தானாக இறங்கிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியகருப்பன் டீச்சர் வீட்டு மேஜைமேல் ஓர் அமெரிக்க வெள்ளி டாலரை வைத்தார். வருஷம் 1889. ஒரு பக்கம் பெண் முகம், மறுபக்கம் கழுகு. கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் மதியம்வரை நம்பிக் கொடுத்திருந்தார். அதற்குள் பணம் புரட்டாவிட்டால் டாலர் ரயிலேறிவிடும்.

டீச்சர் விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். “அசல்தான்.”

“அது தெரியுது டீச்சர். இம்புட்டு விலை ஏன்னுதான் வெளங்கல. எடைக்குப் போட்டா அதுல கால்வாசி தேறாது. வயசும் பெருசா இல்ல. ஆயிரம் வருசத்துச் சோழங்காசு சல்லிசா கெடைக்குதே.”

“பணத்துக்கு என்ன வழி?”

பெரியகருப்பன் துணிப்பையைத் தட்டிக் காட்டினார். “வெள்ளி ரூவா நாப்பது இருக்கு. எங்க வீட்டுப் பரிசத் தட்டுல வைக்கிறது. என் சம்சாரத்துக்கும் இதைத்தான் வச்சாங்க. அவளும் போய்ச் சேந்துட்டா. நகைப் பட்டறையில உருக்கிட்டு எடைக்குப் பணம் குடுக்கறதா சொல்லிருக்காங்க.”

சொல்லும்போது குரல் இடறத்தான் செய்தது. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். துக்கத்தையும் அது லேசில் மதிப்பதில்லை.

டீச்சர் பையை வாங்கி மேஜையில் கொட்டினார். ராஜா தலைகளைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக வருஷம் பார்த்தார். 1918, 1919, 1918. முக்கால்வாசி அந்த இரண்டு வருஷம்தான்.

“அந்த வருசக் காசு ஊரெல்லாம் கெடக்கு டீச்சர்.”

“ஏன் கெடக்கு?”

கேட்டுவிட்டு டீச்சரே சொன்னார்.

“முதல் உலகப் போர் நேரம். வெள்ளைக்காரன் குடுத்த நோட்டை நம்ம சனம் நம்பல. வெள்ளியா குடுன்னு கூடிட்டாங்க. அவங்கிட்ட வெள்ளி இல்ல, அமெரிக்காவைக் கேட்டான். அவங்க கஜானாவுல கெடந்த இந்த மாதிரி டாலரை எல்லாம் எடுத்து உருக்கினாங்க.”

“எத்தனை?”

“இருபத்தஞ்சு கோடிக்கு மேல. கட்டியாக்கிக் கப்பல்ல அனுப்பினாங்க. பம்பாயிலயும் கல்கத்தாவுலயும் அதை ரூபாயா அடிச்சாங்க. ஒரு டாலர் வெள்ளிக்கு ரெண்டேகால் ரூபா.”

பெரியகருப்பன் ஒரு ரூபாயை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மஞ்சள் மணக்கும் கையால் அவள் தட்டு வாங்கிய நாள் நினைவுக்கு வந்தது. அந்தக் கைக்கு வந்தது இத்தனை கடல் கடந்த வெள்ளியா என்று மலைத்துப்போனார்.

“இதுல எது அந்த வெள்ளி டீச்சர்?”

“யாராலயும் சொல்ல முடியாது. எல்லாம் ஒண்ணாக் கலந்துருச்சு.”

மணி பதினொன்றரை. பட்டறையில் காத்திருப்பார்கள். கொட்டிய காசை அள்ளிப் பையில் போட அவருக்குக் கை எழவில்லை.

“நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே. இந்த ஒத்தை டாலருக்கு ஏன் இம்புட்டு விலை?”

டீச்சர் டாலரை அவர் பக்கம் நகர்த்தினார்.

“கூடப் பொறந்ததெல்லாம் உங்க வீட்டுக்குப் பரிசமா வந்துருச்சே அண்ணே.”