இடுப்பை விட்டு இறங்கிய செவ்வந்தி

ஆடும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் இருளாயி என்றொருத்தி இருந்தாள். அவளுடைய மூத்த பிள்ளை, நடை பழகிய புதிதில், ஓடைப் பக்கம் போய்த் திரும்பவில்லை. அதனால் இளையவள் செவ்வந்தியை அவள் இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. விறகு பொறுக்கும்போதும் கூழ் காய்ச்சும்போதும் பிள்ளை இடுப்பில்தான். மூன்று வயதாகியும் அந்தப் பாதங்களில் மண் பட்டதில்லை. பாதம் பூப்போல இருக்கிறதென்று ஊர்ப் பெண்கள் மெச்சினார்கள். ஆனால் நிற்க வைத்தால் கால்கள் துவண்டன.

ஒரு நாள் காலையில் இருளாயி பிள்ளையோடு பாறை நிழலில் களைத்து உட்கார்ந்தாள். அங்கே கண் தெரியாத வெள்ளாடு ஒன்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. கழுத்து மணிகள் குலுங்க அதன் குட்டிகள் பாறைமேல் துள்ளின.

"யாரது, இருளாயியா? காலடி கனமா விழுதே. இன்னும் பிள்ளையை இறக்கலையா?"

"இறக்கி, அவ விழுந்தா நீயா தூக்குவே?"

"தூக்க எனக்குக் கையேது? என் குட்டிக தெனமும் விழுதுக, தானா எந்திரிக்குதுக. உன் மகளுக்கு இருக்கிறது காலா, கத்தரிக்காய்க் காம்பா?"

இருளாயிக்குச் சுருக்கென்றது. "உனக்கென்ன, பேசுவே. நான் ஒண்ணைப் பறிகொடுத்தவ."

ஆடு அசைபோடுவதை நிறுத்தியது. "நானுந்தான் தாயி. ஓநாய்க்கு. அப்புறந்தான் மேய்க்கிறவன்கிட்டச் சொல்லி மணி கட்டவச்சேன். சத்தம் கேக்குற வரைக்கும் மேய்வேன். நின்னா பாய்வேன்." பிறகு வளர்ந்த குட்டி ஒன்றை அழைத்தது. "இவனுக்கு இனிமே வேண்டாம். அவுத்துக்கோ."

இருளாயி அந்த மணிச்சரத்தை இரண்டாக அறுத்துச் செவ்வந்தியின் கால்களில் கட்டினாள். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளையை மண்ணில் இறக்கினாள்.

மண் பட்டதும் சின்ன விரல்கள் சுருண்டன. செவ்வந்தி பொத்தென்று விழுந்தாள். தூக்கப் போன கைகளை இருளாயி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். குட்டியைப் பிடிக்கும் ஆசையில் பிள்ளை தவழ்ந்தாள். பாறையைப் பற்றி எழுந்தாள். மறுபடி விழுந்து சிரித்தாள்.

மறுநாளும் வந்தார்கள். கூழ் குடித்ததும் ஓடியாடுவது அன்றாட வழக்கமாயிற்று. மழைக்காலம் வருவதற்குள் குட்டிகளே செவ்வந்திக்குப் பயந்து ஓடின. இருளாயியின் இடுப்பு இலேசாயிற்று. அந்த இலேசு அவளுக்குக் கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

ஒரு மாலை, பாறைக்குப் பின்னே மணிச்சத்தம் சட்டென்று நின்றது. இருளாயி விழுந்தடித்து ஓடினாள். அங்கே செவ்வந்தி, ஆட்டின் மடியில் வாய் வைத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் கூட்டிட்டுப் போ. அவ பல்லு பட்டு மடி கூசுது" என்றது ஆடு.

நடை பழகும் பிள்ளைகளின் காலில் நாம் மணி கட்டுவது அன்று முதல்தான். அது கலகலக்கும் வரை அம்மாமார் நிம்மதியாக அடுப்பைப் பார்க்கிறார்கள். நின்றுவிட்டால் கரண்டியும் கையுமாக ஓடுகிறார்கள்.