துரையின் டீ கிளாஸ்

அந்தத் தேயிலை எஸ்டேட்டில் மேனேஜரைத் துரை என்றுதான் கூப்பிட வேண்டும். மலை ஏறுகிற ஜீப்பில் தினமும் இருபத்திரண்டு பெண்களைத் திணித்து அனுப்பிவிட்டு, ரிஜிஸ்டரில் எட்டு என்று எழுதுவார்.

ஒருநாள் மெக்கானிக் ஜெபமணியைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு லேபர் இன்ஸ்பெக்டரம்மா ஜீப்புல வர்றாங்க. என் கையில டீ கிளாஸ் இருக்கும். ஒரு சொட்டு சிந்துச்சு, எஸ்டேட் குடுத்த லைன் வீட்டை நீ காலி பண்ணிடணும்."

"ஷாக் அப்சார்பரைச் சரியா வச்சுடுறேன், தொரை."

மறுநாள் ஜெபமணிதான் ஓட்டினான். கணக்காக எட்டே பெண்கள் ஏறினார்கள். மற்றவர்களைக் குறுக்கு வழியில் நடக்கச் சொல்லியிருந்தார் துரை. முதல் பாறையிலேயே ஜீப் துள்ளிய துள்ளலில் டீ முழுக்கத் துரையின் வெள்ளைச் சட்டையில்!

"என்னடா வேலை பார்த்துக் கிழிச்சே?"

ஜெபமணி பிரேக் போட்டுத் திரும்பினான். "வண்டி தெனமும் தூக்குற பாரத்துக்குத்தான் தொரை, ஷாக்கை இறுக்கியிருக்கேன். பாரம் கொறைஞ்சா துள்ளத்தான் செய்யும். நடந்து வர்ற பதினாலு பேரையும் ஏத்துங்க, ஒரு சொட்டு சிந்தாது."

இன்ஸ்பெக்டரம்மா பேனாவைத் திறந்தார்.

"எந்தப் பதினாலு பேர்?"