செண்பகவடிவு டீச்சரோட விசில்

ஏறின மனுசி எதுக்குப் பாட்டி திரும்ப எறங்கணும்னு கேக்கியா? நான் பொய் சொல்லுதேனாக்கும்! ஏட்டி, வயசு ஏழு, வாய் எழுபது ஒனக்கு. ஏறி எறங்கி, ஏறி எறங்கித்தான் அந்த மலைய ஏறணும். காலை நீட்டிப் படு, முழுசாக் கேளு. ம் கொட்டணும், என்ன?

ஒரு ஊர்ல ஒரு வெளையாட்டு டீச்சர் இருந்தாவ. ஊரு கல்லிடைக்குறிச்சி, பேரு செண்பகவடிவு. கழுத்துல எப்பவும் ஒரு விசில் தொங்கும். பீஈஈஈன்னு ஊதினா ஆத்துக்கு அந்தப் பக்கம் மேயுத எருமை தலையத் தூக்கிப் பாக்கும். அந்த எருமை ஒருநாள் கல்யாண வீட்டுக்குள்ள பூந்து பந்தில... சரி சரி, அது வேற கதை.

டீச்சர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்ட்ட சொல்லிட்டாவ, "லடாக்கு பனிமலைக் கணவாயில நின்னு இந்த விசில ஊதுவேன், போன்ல பிடிச்சுக் கொண்டாந்து காட்டுவேன்"னு. கணவாய்னா ரெண்டு மலைக்கு நடுவுல உள்ள பாதை. பதினேழாயிரம் அடி! நம்ம பொதிகை மேல இன்னும் ரெண்டு பொதிகையத் தூக்கி வச்சாப்ல.

தொணைக்கு நாத்தனா ஆவுடை. அவ பத்தடி நடந்தா பாறையில உக்காந்துருவா. "மைனி, செத்த நில்லுங்க"ன்னு மூச்சு வாங்குவா. டீச்சருக்குச் சிரிப்பு. "ஒன்ன எல்லாம் ஓட்டப் பந்தயத்துல விட்டா அடுத்த வருசம்தான் வருவ!"

ம்? ம், அப்படித்தான்.

வழிகாட்டி பேரு நம்கியால். செவசெவன்னு கன்னம், பேச்சு பாதி இந்தி, பாதி கை ஜாடை. மொத ரெண்டு நாளு எங்கயும் விடல. படு, தண்ணி குடி, படு. அப்புறம் மொதக் கூடாரம். மூட்டையக் கோவேறு கழுதை மேலருந்து எறக்கி வச்சிட்டு, எதுத்த மேட்டுல ஏத்தி, அரைமணி நேரம் உக்கார வச்சு, திரும்பக் கீழ கூட்டியாந்துட்டான்.

"ஏறினத எதுக்குப்பா எறங்கணும்?"

"மேல உள்ள காத்து மெலிசு, டீச்சர். ஒடம்புக்கு ருசி காட்டிட்டு வரணும். தூக்கம் கீழதான்."

அன்னிக்குச் சாயங்காலம் ரெண்டு பேர்ட்டயும் கேட்டான், தலை வலிக்கா, சோறு எறங்குதான்னு. வலிக்குன்னா மேல விடமாட்டான். மூச்சு எப்பிடி இருக்குன்னு பாக்க, "விசில ஊதுங்க பாப்போம்"னான். பீஈஈஈ! ஒடனே பாறைக்குள்ளருந்து பீ! பீ!

"எவம்ல அது, எனக்கே எதிர்விசில்?"னு டீச்சர் திரும்பினா, பெருச்சாளிக்கு அண்ணன் மாதிரி, கொழுகொழுன்னு ஒரு மலை அணில் ரெண்டு காலுல நிக்கி! நம்கியாலுக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலி.

ரெண்டாவது கூடாரம். "எனக்குப் பின்னால வாங்க"ன்னான் நம்கியாலு. டீச்சரா கேப்பாவ? திடுதிடுன்னு முன்னாலயே போயிட்டாவ. சாயங்காலம் தலைக்குள்ள ணங்கு ணங்குன்னு இடிக்கி. சொன்னா திருப்பி விட்ருவானே! நெத்தியில ரகசியமாத் தைலம் தேச்சா, கூடாரமே கமகமங்கு.

"என்ன மைனி, தைல வாசம்?"

"கால் வலிட்டி."

விசில் ஊதினாவ. பீப். அவ்வளவுதான். அணில் கூட எட்டிப் பாக்கல.

தூங்கிட்டியா? ம். சரி.

மூணாவது கூடாரம். மறுநா கணவாய். அங்க சோறு வேகாது தெரியுமா? தண்ணி தளதளன்னு கொதிக்கும், அரிசி மட்டும் வெறப்பா நிக்கும், எங்க பெரிய மாமனார் மாதிரி. ஆவுடை அதையும் ரெண்டு தட்டு தின்னா. டீச்சருக்கு வாசனையே பிடிக்கல, தட்டத் தள்ளிட்டாவ. எந்திச்சா கால் பின்னுது. விசில வாயில வச்சா... ஃபூ. வெறுங்காத்து.

நம்கியாலு சிரிக்கல. "இப்பவே கீழ போறோம், டீச்சர்."

"முடியாது! பிள்ளைகளுக்கு வாக்குக் குடுத்துருக்கேன்."

அப்போ ஆவுடை பக்கத்துல வந்து உக்காந்தா. "மைனி, விசில் அடிக்கறதுக்கு முன்னால ஒரு பிள்ள ஓடினா என்ன செய்வீங்க?"

"திரும்பக் கோட்டுக்குக் கூப்பிடுவேன்."

"இன்னிக்கு விசில் அடிக்கலையே. நீங்க ஏன் ஓடுதீங்க?"

டீச்சர் பொலபொலன்னு அழுதுட்டாவ. தலைவலியையும் ஒத்துக்கிட்டாவ. ரெண்டு பேரும் ரெண்டு தோளப் பிடிச்சு, வெளிச்சம் இருக்கையிலேயே ரெண்டாவது கூடாரத்துக்கு எறக்கிட்டாங்க. படு, தண்ணி குடி, படு. மூணாம் நாள் காலையில... பீஈஈஈ! பாறைக்குள்ளருந்து பீ! பீ!

அப்புறம் ஏறினாவ. இந்தவாட்டி ஆவுடை முன்னால, டீச்சர் பின்னால. பத்தடி, உக்காரு. பத்தடி, உக்காரு. மூணாவது கூடாரத்துல ஒரு தூக்கம். மறுநா வெயில் ஏற ஏறக் கணவாய் வந்துட்டு. கயித்துல கட்டின கொடியெல்லாம் படபடங்கு, எங்க பாத்தாலும் வெள்ள வெளேர்னு பனி.

டீச்சர் கழுத்துல கெடந்த விசிலக் கழட்டி ஆவுடை கையில வச்சாவ. "மொதல்ல வந்தவ நீ. நீ ஊது."

ஆவுடைக்கு ஊதத் தெரியுமா? பிர்ர்ர்னு எச்சிதான் தெறிச்சுது. டீச்சர் வாங்கித் தொடைச்சு, நம்கியாலு போன்ல பிடிக்க, நின்னு, நிதானமா மூச்சிழுத்து... பீஈஈஈஈ! அடியில எங்கயோ பாறைக்குள்ளருந்து பீ! பீ!

அவ்வளவுதான், கதை கணவாயத் தாண்டியாச்சு, நீ கண்ண மூடிக் கீழ எறங்கு. தூக்கம் கீழதான்.

ஏ மவளே தெய்வான! கொடியில கெடக்க கம்பளிய உள்ள கொண்டா, பிள்ளைக்குக் கால் சில்லுனு இருக்கு. ஓடியாராதட்டி, மெதுவா வா.