மேஜருக்குத் தொட்டது மைனருக்கு ஆகாது

தாமிரபரணிப் பக்கம் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே கோமதிநாயகம், சுடலைக்கண்ணு, தவசிமுத்து என்று மூன்று பேர் படித்தார்கள். மூவருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். வினையே அதுதான். எது எழுதியிருந்தாலும் அப்படியே செய்வார்கள். கல்லூரி வாசலில் ‘மெதுவாகச் செல்லவும்’ என்று ஒரு பலகை. மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட அவர்கள் முதல் பீரியடுக்கு வந்து சேர்ந்ததில்லை.

மேஜர் என்கிற முக்கியப் பாடம், கம்ப்யூட்டர் சயின்ஸ். அது எப்படியோ முடிந்துவிட்டது. மைனர் என்கிற துணைப்பாடம், இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ். அதில் ஆறு தாள் எழுதவேண்டும். ஐந்து தேறியாயிற்று. கல்லூரிக் கையேட்டைப் படிக்காமல் எழுதியதால் தேறினார்கள். ஆறாவது தாளுக்குமுன் கோமதிநாயகம் கையேட்டைப் படித்துவிட்டான்.

தவசிமுத்துவுக்குத்தான் அவசரம். மதுரைக் கம்பெனி ஒன்று அவனுக்கு வேலை தருவதாகக் கடிதம் போட்டிருந்தது. ஜூன் பத்து, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குள் பட்டச் சான்றிதழோடு வரவேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு. கடிதம் எப்போதும் அவன் சட்டைப் பையில்தான். சட்டை துவைக்கப் போனால் இவனும் கூடப் போய்க் கல்லருகே நிற்பான்.

கோமதிநாயகம் கையேட்டை விரித்து வாசித்தான். “மேஜருக்குப் பயன்படுத்திய எதையும் மைனருக்குப் பயன்படுத்தக் கூடாது.”

“எதையுமா?” என்றான் சுடலைக்கண்ணு.

“எதையும்னுதாம்லே போட்டிருக்கு.”

“அப்போ பெஞ்சு?”

மூவரும் எழுந்து தரையில் உட்கார்ந்தார்கள். பேனாவைத் தூக்கி எறிந்தார்கள். ஒரே பாடத்தை மேஜர், மைனர் இரண்டுக்கும் கணக்குக் காட்டாதே என்பதுதான் விதி. கையேடு எழுதியவர் அதைச் சரியாக எழுதவில்லை. இவர்கள் போய்க் கேட்கவும் இல்லை.

அடுத்த வாரம் லேப். கம்ப்யூட்டர் எல்லாம் மேஜருக்குத் தொட்டவை. சுடலைக்கண்ணு வாழைப்பழப் பெட்டியை வெட்டி, கரியால் மூன்று கீபோர்டு வரைந்து கொண்டுவந்தான். தரையில் வரிசையாக உட்கார்ந்து தட்டினார்கள். மைனர் நடத்துகிற ரெத்தினபாய் மேடம் வந்து பார்த்தார்.

“என்னப்பா பண்ணுதீங்க?”

“ரிப்போர்ட் எடுக்கோம் மேடம்.”

“தவசி, நீ ஏன் சும்மா இருக்க?”

“எண்டர் தட்டிட்டேன் மேடம். அரைமணி நேரமாச்சு, இன்னும் ஒண்ணும் வரலை.”

“வாழைப்பழப் பெட்டி ஸ்லோவாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு மேடம் வெளியே போனார். வெளியே போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பரீட்சை நெருங்கியது. தவசிமுத்து சோற்றில் வைத்த கையைப் பார்த்தான்.

“கை இருக்கேலே! வலது கையாலதானே மேஜர் எழுதினோம்?”

“இடது கை சும்மாத்தானே தொங்கிக்கிட்டு இருந்துச்சு? அது எழுதட்டும்” என்றான் கோமதிநாயகம்.

பத்து நாள் இடது கையால் எழுதிப் பழகினார்கள். எழுதியதை அவர்களாலேயே வாசிக்க முடியவில்லை. பரவாயில்லை, வாசிப்பது மேடம் பாடு என்று விட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் சுடலைக்கண்ணு அந்தக் கேள்வியைக் கேட்டான். “ஏ மக்கா, தலை?”

கை இரண்டு உண்டு. தலை ஒன்றுதான். தவசிமுத்து சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். வேலை போச்சு என்றே நினைத்தான்.

கோமதிநாயகம் நெடுநேரம் யோசித்தான். “மேஜருக்குத் தலையைப் பயன்படுத்தினோம்னு எவன் சொன்னான்? சாட்சி இருக்கா?”

“இல்லை.”

“பயன்படுத்தலைன்னு எழுதி வாங்கிட்டா?”

மேஜர் துறைத்தலைவர் சாமுவேல்துரையிடம் போனார்கள். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ‘இம்மூவரும் மூன்றாண்டுகளில் ஒருமுறையும் தலையைப் பயன்படுத்தியதில்லை என்று சான்றளிக்கிறேன்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை இரண்டு தடவை குத்திக் கொடுத்தார்.

“தங்கமான மனுசன்” என்றான் தவசிமுத்து. கண் கலங்கிவிட்டது.

பரீட்சை நடந்தது. விடைத்தாளை ரெத்தினபாய் மேடம் நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். ஃபெயில் போட்டால் மறுபடி வருவார்கள். பாஸ் போட்டார்.

சனிக்கிழமை தவசிமுத்துவின் சான்றிதழ் வந்தது. மற்ற இருவருக்கும் அடுத்த வாரம். ஆபீஸ் அருணாசலம் தாளை நீட்டினார். மேலே அவன் பெயரும் மேஜரும். கீழே மைனரும் துணைவேந்தர் கையெழுத்தும்.

தவசிமுத்து வாங்கவில்லை. “சார், இதுல மைனர் எந்தத் தாள்?”

“ரெண்டும் ஒரே தாள்தாம்பா. பிடி.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேஜருக்குப் பயன்படுத்திய தாள்! இவ்வளவு பாடுபட்டதும் வீண். அருணாசலத்தின் மேசையில் கத்தரிக்கோல் கிடந்தது. கோமதிநாயகம் எடுத்தான்.

“கையெழுத்து கீழ்ப் பாதிக்குல்லா போகுது? மேஜருக்கு?” என்றான் தவசிமுத்து.

“ஒரே கையெழுத்தை ரெண்டுக்கும் பயன்படுத்தலாமாலே?”

“கூடாது.”

“பொறவென்ன?”

நறுக்கினான். அருணாசலம் வாயைத் திறந்தார். அதற்குள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

திங்கள் காலை ஒன்பது ஐம்பதுக்குத் தவசிமுத்து மதுரைக் கம்பெனியில் நின்றான். ஆள் எடுக்கிற அதிகாரி மரகதவல்லி அம்மாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மிச்சம் எங்கே?”

“இது மேஜர் மேடம். மேஜர் வந்த பஸ்ல மைனர் வரக்கூடாதுல்லா? அது அடுத்த பஸ்ல வருது. கோவில்பட்டி தாண்டிட்டாம்.”

அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கம்பெனி விதிப் புத்தகத்தை எடுத்து விரல் வைத்து வாசித்தார். வரிவரியாக.

“பாதிச் சான்றிதழோட வந்தா சேக்கக்கூடாதுன்னு இதுல எழுதலை. சேக்கச் சொல்லியும் எழுதலை. அதனால பாதி சேத்துக்கிறேன்” என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். “பாதியில உட்காரு.”

தவசிமுத்து இடது பாதியில் உட்கார்ந்தான். இப்படி ஒரு நியாயமான கம்பெனி கிடைத்ததே என்று உடம்பு புல்லரித்தது.

பதினொன்றேகாலுக்குக் கோமதிநாயகம் மூச்சிரைக்க ஓடிவந்து கீழ்ப் பாதியை நீட்டினான். மரகதவல்லி அம்மாள் அதில் பெயரைத் தேடினார். பெயர் மேல் பாதியோடு போய்விட்டது.

“பேர் இல்லை. கொண்டுவந்தது நீதானே?”

“நான்தான் மேடம்.”

“அப்போ இது உன்னோடது. போய் உட்காரு.”

கோமதிநாயகம் நாற்காலியின் வலது பக்கம் போனான். இடுப்பால் ஒரு இடி.

“கொஞ்சம் தள்ளுலே. இது மைனரோட எடம்.”