கரைக்கு அந்தப் பக்கம் தெரிந்த முகம்

காட்டுக் குளம் ஒன்றின் கரையில் கோரைப்புல் மண்டிக் கிடந்தது. அதன் கிழங்கு நல்ல ருசி. தினமும் காலையில் ஒரு காட்டுப்பன்றி அங்கே வரும். மூக்கால் மண்ணைக் கிளறும். இரண்டு வாய் கிழங்கு தின்னும். போய்விடும்.

தினமும் ஒரே இடத்தில்தான் கிளறும். நேற்று கிளறிய மண் இன்று இளகியிருக்கும், மூக்கு நோகாது.

"பன்றியம்மா, அது குளத்தோட கரை!" என்றது குளத்தில் இருந்த ஆமை ஒன்று.

"ரெண்டு வாய் கிழங்குக்குக் கரை உடைஞ்சிடுமா, ஆமையண்ணே? தலையை உள்ளே இழுத்துக்கிட்டுத் தூங்குங்க!"

ஆமை அப்படியே செய்தது.

கரையின் மறு கோடியில் ஓர் எருமை. அதுவும் தினமும் வரும். சேற்றில் புரளும். மேலே ஏறி, கரையில் ஓர் இடத்தில் முதுகைத் தேய்க்கும். ஒட்டியிருந்த சேறு கரையில் படியும்.

"குளிச்சிட்டு வந்து சுவத்துல துடைக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்!" என்று சிரித்தது பன்றி.

"உண்ணி கடிக்குதுடி. உன் முதுகா, என் முதுகா?" என்றது எருமை.

இப்படியே மூன்று வருடம் போனது.

ஓர் ஆவணி மாதக் காலை. வெயிலில் குளம் பாதி வற்றியிருந்தது. பன்றி தன் வழக்கமான குழிக்குள் இறங்கியது. இப்போது அந்தக் குழிக்குள் அதன் உடம்பு முழுவதும் அடங்கியது. கிழங்கைத் தேடி மூக்கை அழுத்தியது. மண் பொலபொலவென்று அந்தப் பக்கம் உதிர்ந்தது. வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தில் ஒரு குட்டியின் முகம் தெரிந்தது.

"அம்மா! நீ எப்படிம்மா இங்கே வந்தே?"

பன்றி சட்டென்று மூக்கைப் பின்னுக்கு இழுத்தது. கரைக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் இருந்த முள்புதரில்தான் அதன் ஐந்து குட்டிகளும் வளர்ந்தன. சிறுத்தை நுழைய முடியாத இடம் அந்தக் காட்டில் அது ஒன்றுதான். ஐப்பசியில் மழை கொட்டும். குளம் நிரம்பும். தண்ணீர் இந்த ஓட்டை வழியாக நேராகக் குட்டிகள் மேல் பாயும்.

அன்று முழுக்கப் பன்றி ஓயவில்லை. வாயாலும் மூக்காலும் சேற்றைத் தள்ளிக் குழியை நிரப்பியது. சாயங்காலத்துக்குள் குழி மூடிவிட்டது.

"ஒரே நாள்ல முடிச்சிட்டேன் பாருங்க!" என்று மூச்சு வாங்கியது.

"காயட்டும், பார்ப்போம்" என்றது ஆமை.

நான்காம் நாள் அந்தச் சேற்று மொத்தை வெயிலில் காய்ந்து வெடித்தது. அப்படியே ஒரு பாளமாகக் கழன்று விழுந்தது. ஓட்டை முன்பு இருந்தபடியே இருந்தது.

பன்றி எருமையிடம் ஓடியது. எருமை முதுகு தேய்க்கும் இடத்தில் மட்டும் கரை புடைத்து, பாறை போல நின்றது.

"எருமையக்கா, இதை எப்படிக் கட்டினீங்க?"

"நான் எங்கே கட்டினேன்? தேய்ச்சேன். இன்னிக்கு ஒட்டினது காஞ்ச பிறகு நாளைக்கு அதும்மேல கொஞ்சம். அவ்வளவுதான்!"

"மழைக்கு இன்னும் ஐம்பது நாள்தானே இருக்கு?"

"ஐம்பது தடவை தேய்க்கலாமே! அழுதுக்கிட்டு நின்னா நாற்பத்தொன்பது ஆயிடும்."

அன்றே பன்றி சேற்றில் புரண்டது. குழிக்குள் நுழைந்து சுவரில் உடம்பைத் தேய்த்தது. ஒரு விரல் கனம்கூடச் சேறு படியவில்லை. மறுநாளும் வந்தது. குட்டிகளும் கூட வந்தன. அவற்றுக்கு அது வேலையாகத் தெரியவில்லை.

"சேத்துல புரளச் சொல்ற அம்மா நமக்கு மட்டும்தான்டா!" என்று குதித்தது ஒன்று.

பத்து நாளில் பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. இருபதாம் நாள் வெளிச்சம் மறைந்தது. நாற்பதாம் நாள் பன்றியால் குழிக்குள் நுழைய முடியவில்லை. வெளியே நின்று தேய்த்தது. கிழங்குக்குத் தினமும் மேட்டுக்காட்டுக்கு நடந்தது. தூரம்தான். பசித்தது. ஆனாலும் நடந்தது.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. தண்ணீர் கரையின் உச்சிக்கு நான்கு விரல் கீழே வரை ஏறியது. ஆமை நீந்திப் போய்ப் பழைய குழி இருந்த இடத்தில் தலையை வைத்துப் பார்த்தது.

"கசியுதா, அண்ணே?" என்று கரைமேல் நின்று கேட்டது பன்றி.

"சொட்டுகூட இல்லை!"

புதருக்குள் ஐந்து குட்டிகளும் குளத்துத் தண்ணீர் எட்டாத தரையில் ஒன்றின் மேல் ஒன்று கிடந்து தூங்கின.

மழை விட்டதும் பன்றி கரைக்கு வந்தது. புதுப் பூச்சில் ஒரு விரல் அளவு கரைந்துபோயிருந்தது. அது யாரையும் கூப்பிடவில்லை; நேராகச் சேற்றில் இறங்கியது.

தினமும் கொஞ்சம் செய்கிற தவறு பெரிய கேட்டில் கொண்டுபோய் விடும். அதைத் திருத்துவதும் ஒரே நாள் வேகத்தில் முடியாது, தினமும் கொஞ்சமாக விடாமல் செய்தால் முடியும்.